மாரிக்கனி எண்ணிய பதினைந்து கோடுகள்

மாரிக்கனிக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் எண்ணிவிடுவாள். பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் கம்பி, பந்தியில் உட்கார்ந்தால் எதிர்வரிசை இலை. ஒரு சடங்கு வீட்டில் தாய்மாமன் சீராக இருபத்தோரு தாம்பாளம் வந்திருப்பதாக மைக்கில் அறிவித்தார்கள். "பத்தொம்போதுதான இருக்கு" என்று இவள் பக்கத்து நாற்காலியில் சொன்னது மைக்கில்லாமலே பந்தல் முழுக்கக் கேட்டது. அந்தத் தாய்மாமன் வீட்டோடு இரண்டு வருஷம் போக்குவரத்து இல்லை.

வியாதி என்று சொன்னது தப்பு. அது அவள் வேலை. இராஜபாளையத்தில் வைகுண்டராஜ் அண்ணாச்சியின் பேண்டேஜ் யூனிட்டில் இருபத்திரண்டு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறாள். கண்ணாடி போட்ட மேஜை, அடியில் டியூப்லைட். அதன்மேல் துணியை விரித்து, மூன்றாக மடங்கும் ஒரு குட்டிப் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிய வேண்டும். ஓர் அங்குலத்துக்குள் பாவு நூல் எத்தனை, ஊடை நூல் எத்தனை என்று எண்ண வேண்டும். ஒரு நூல் குறைந்தாலும் அந்தச் சுருள் ஓரமாகப் போய்விடும். புண்ணில் போடுகிற துணியில் தாட்சண்யம் பார்க்க முடியாது.

இப்படிப்பட்டவள் பூப் பார்க்கப் போனது அவள் விருப்பத்தால் அல்ல. ஒரு பெட்டி அவளைக் கூட்டிக்கொண்டு போனது.

இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் உள்ள பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தும் 'மேற்கு மலைப் பூ நோக்கர் மன்றம்' என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர் நாற்பது பேர், கேமரா நாற்பத்தொன்று. மாதத்தில் மூன்றாவது ஞாயிறு, அய்யனார் கோவில் போகிற வழியில் எங்காவது தோப்போரம் இறங்கி, பூக்களைப் பார்ப்பார்கள். அதைவிடக் கூடுதலாக ஒருவரையொருவர் படம் எடுத்துக்கொள்வார்கள். அண்ணாச்சி மன்றத்தின் புரவலர்களில் ஒருவர். புரவலர் என்றால் ஏதாவது கொடுக்க வேண்டுமே. முதலுதவிப் பெட்டி ஒன்று கொடுத்தார். அதில் சிவப்புக் கூட்டல் குறி சின்னதாகவும், 'அன்பளிப்பு: வைகுண்டராஜ்' என்பது பெரிதாகவும் இருந்தது. பெட்டி தானாக நடக்காது என்பது முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எல்லோருக்கும் உறைத்தது.

"ஏம்மா மாரிக்கனி, மாசத்துல ஒரு நாளுதான. தூக்கிட்டுப் போயிட்டு வந்துரு. காலைல பூரி உண்டு" என்றார் அண்ணாச்சி.

இரண்டு வருஷத்தில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டது நான்கு முறை. ஒரு முள், ஓர் அட்டை, இரண்டு செருப்புக் கடி. மிச்ச நேரமெல்லாம் மாரிக்கனிக்குச் சோலி இல்லை. இடுப்புச் சுருக்குப் பையில் நூல் எண்ணும் கண்ணாடி இருந்தது. எதிரே பூ இருந்தது. வேறென்ன செய்வாள், எண்ண ஆரம்பித்தாள்.

ஆனால் அவள் மனசு கிடந்தது பூவில் இல்லை, உச்சியில். யூனிட்டில் அவள் மேஜைக்கு நேரே மேற்குப் பார்த்த ஜன்னல். கருகருவென்று மரம் அடைந்த மலை. அதற்கும் மேலே, தலையில் மொட்டை அடித்தாற்போல ஒரு வெளிறிய திட்டு. மழைக்காலத்தில் பச்சையாகும், தை பிறந்தால் பித்தளை நிறத்துக்குப் போகும். பாறை என்றாள் ஒருத்தி. தீப்பிடித்த எஸ்டேட் என்றாள் இன்னொருத்தி. மன்றத்துக்குப் போன பிறகுதான் பெலிக்ஸ் சாரிடம் கேட்டாள். அவர் ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், மன்றத்தில் பூவின் பெயர் தெரிந்த ஒரே ஆள்.

"அது புல்லுதாம்மா" என்றார். "இடுப்பு உசரத்துக்குப் புல்லு. மரமே கெடையாது. காத்து அடிச்சா மலையே நடக்க மாதிரி இருக்கும்."

அன்று பிடித்தது அந்த ஆசை. இருபத்திரண்டு வருஷமாகக் கண்ணுக்கு நேரே இருக்கிற அந்த இடத்தில் ஒரு தடவை போய் நிற்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

அதற்கு வழியும் ஒன்று இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை, டிசம்பர் கடைசி ஞாயிறு, தாவரக் கணக்கெடுப்புக்காக மன்றத்திலிருந்து பத்துப் பேரை வனத்துறை மேலே விடும். பத்து என்றால் பத்து. அதற்கு மன்றம் ஒரு விதி வைத்திருந்தது: உறுப்பினரோ கூட வருகிறவரோ, அந்த வருஷம் ஒரு செடியையாவது சரியாக இனம் கண்டு தன் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு தப்பென்று தெரிந்தால் இடம் போய்விடும். பெட்டிக்கு மட்டும் விதி கிடையாது. அது போகும். ஆனால் பத்துப் பேரில் யாராவது ஒருவர் தூக்கிக்கொள்வார். போன வருஷம் அப்படித்தான், பெட்டி மேலே போய்விட்டு வந்தது. மாரிக்கனி அடிவாரத்தில் நின்று அதை வழியனுப்பி, சாயங்காலம் வரவேற்றாள்.

ஐப்பசி ஞாயிறு ஒன்றில் அந்தப் பூ அகப்பட்டது.

மாந்தோப்பு வேலிக்கு வெளியே புல்தரை. ஒரு சாண் உயரத்தில், புல்லோடு புல்லாக நின்ற செடி. ஈர்க்குச்சி போன்ற தண்டு, சொரசொரவென்று ஒடுங்கிய இலை, உச்சியில் பொரி ஒட்டினாற்போல வெள்ளைப் பூ. நாற்பத்தொரு கேமராவும் அதன்மேல் குனிந்தன. செல்போனில் காட்டினால் பெயர் சொல்லும் செயலியைத் திறந்தார்கள். ஒரு போன் துளசி வகை என்றது. இன்னொன்று, ஐரோப்பாவில் மட்டும் பூப்பது என்றது. மூன்றாவது போன், இது பட்டாம்பூச்சியாகவும் இருக்கலாம் என்று அடக்கமாகத் தெரிவித்தது.

"தள்ளுங்க, தள்ளுங்க" என்று பெலிக்ஸ் சார் வந்தார். "சுடுமல்லி. புல்லு வேர்ல தன் வேரை ஒட்டவச்சுக்கிட்டு வாழும். அரை ஒட்டுண்ணி. வெள்ளையா பூக்கிறதுல ரெண்டு இனம் நம்ம பக்கம் உண்டு. பூவைத் தாங்குது பாருங்க பச்சைக் குழல், அதுல கோடு ஓடும். அஞ்சு கோடுன்னா டென்சிபுளோரா. பதினஞ்சு கோடுன்னா அங்குஸ்டிபோலியா." மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "அஞ்சு. ஸ்ட்ரைகா டென்சிபுளோரா!"

லத்தீன் பெயர் சொல்லும்போது அவர் ஜெபம் சொல்வதுபோலக் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணை மூடினால் பூ தெரியாது என்பதை அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

அடுத்த நிமிஷம் மூன்று புரவலர்கள் தத்தம் போனில் 'டென்சிபுளோரா, இனம் கண்டவர் நானே' என்று பதிவு போட்டார்கள். அதில் ஒருவர் நம் அண்ணாச்சி. வருஷம் முழுக்க அவர் செய்த ஒரே பதிவு அது. சாரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அவர் பெயரில்தான் ஏற்கெனவே நாற்பது பதிவு இருந்ததே.

மன்றச் செயலாளர் பிரேம்குமார் ஸ்ரீவில்லிபுத்தூரில் பல் டாக்டர். சுத்தப் பிரியர். ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு போய் வீட்டு மாடியில் தொட்டியில் வைத்தார். செடியைச் சுற்றி நெருக்கிக்கொண்டிருந்த புல்லைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை. பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற மாதிரி ஒரு தாள் விடாமல் வேரோடு எடுத்தார். உரம் வைத்தார், தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் நாள் பூ தலையைத் தொங்கப் போட்டது. நான்காம் நாள் மன்றத்தின் வாட்ஸப்பில் அதன் மரண அறிவிப்பு படத்துடன் வந்தது.

"ஏன் டாக்டர், புல்லைப் பிடுங்கிட்டா அது எதைத் தின்னும்?" என்று கேட்டார் பெலிக்ஸ் சார்.

விஷயம் அதுதான். சுடுமல்லிக்கு இலை பச்சையாக இருக்கும். தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்ளும். தண்ணீரும் உப்பும் மட்டும் பக்கத்துப் புல்லின் வேரிலிருந்து, பின்வாசல் வழியாக வரும். தனிக்குடித்தனம் போய், அரிசி பருப்பை அம்மா வீட்டிலிருந்து எடுத்துவரும் பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களும் தலை நிமிர்ந்துதான் நடக்கிறார்கள். சாரின் ஒரு வாக்கியத்தில் வேர்விட்டு மூன்று புரவலர்கள் மலையேறக் காத்திருந்ததையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நினைக்காவிட்டாலும் பாதகமில்லை.

அந்தப் பூ அகப்பட்ட ஞாயிறன்று மாரிக்கனி பூவைப் பார்க்கவே இல்லை. ஒரு புரவலரின் குதிகாலில் செருப்புக் கடிக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பும்போதுதான் ஒரு தண்டைக் கிள்ளி, பேண்டேஜ் சுருளின் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தூக்குச்சட்டியைத் திறக்கும் முன்பு, அதைச் செக்கிங் மேஜையில் வைத்து அடி விளக்கைப் போட்டாள். கண்ணாடியை விரித்துக் குனிந்தாள்.

வெளிச்சம் கீழிருந்து வந்ததால் பச்சைக் குழல் கண்ணாடி வளையல் மாதிரி ஒளிர்ந்தது. அதில் கோடுகள் கறுப்பாக, நூல் பிடித்தாற்போல ஓடின. மேல் விளிம்பில் ஐந்து பல். ஒரு பல்லுக்கு மூன்று கோடு.

எண்ணினாள். திரும்ப எண்ணினாள். பக்கத்து மேஜை ஜெபாவைக் கூப்பிட்டாள். "ஏட்டி, இதுல கோடு எம்புட்டுன்னு எண்ணிச் சொல்லு. என்னன்னு கேக்காத."

ஜெபா குனிந்து, உதடு அசைய எண்ணினாள். "பதினஞ்சுக்கா. என்னது இது, புது ஆர்டரா?"

"பூவு."

"பூவுக்குமா செக்கிங் வச்சிட்டாக?"

"சார் அஞ்சுன்னு சொல்லிட்டாருட்டி. மேல இருக்க பல்லை எண்ணிட்டாரு, கோட்டை எண்ணல."

"அப்ப போன் போட்டுச் சொல்லேன். பதிவு உம் பேருல வந்துரும். நீ மலைக்குப் போயிரலாம்."

மாரிக்கனி தயிர்சோற்றைப் பிசைந்தாள். ஜெபா சொன்னது அவளுக்குத் தோன்றாமல் இல்லை. எண்ணி முடித்த அதே நொடியில் தோன்றிவிட்டது. அதற்கு அடுத்த நொடியில் இன்னொன்றும் தோன்றியது. "அஞ்சு தப்புன்னா அண்ணாச்சி பதிவும் தப்புட்டி. அவிய சீட்டு போயிரும்."

ஜெபா ஊறுகாயை நக்கிவிட்டு யோசித்தாள். "அப்ப சொல்லாத."

"தப்பு எண்ணிக்கையை எப்பிடி விடுறது?"

"அப்ப சொல்லு."

"நீ சாப்பிடு தாயி."

ராத்திரிச் சோறு போடும்போது புருஷன் பாண்டிதுரையிடம் சொன்னாள். அவன் சேத்தூர் பக்கம் லோடு வேன் ஓட்டுகிறவன். வளைவு நெளிவு தெரிந்த ஆள்.

"அண்ணாச்சி சீட்டுல நீ உக்காந்து மலைக்குப் போவ. சரி" என்றான். "திங்கக்கெழம எந்தச் சீட்டுல உக்காருவ?"

மாரிக்கனி குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். மூன்று நாள் யூனிட்டில் தலை குனிந்து நூல் எண்ணினாள். அண்ணாச்சி அந்த மூன்று நாளும் சந்தோஷமே உருவாக உலவினார். மலைக்கென்று தொப்பி ஒன்று வாங்கியிருந்தார். அதை ஆபீஸ் அறையிலேயே போட்டுக்கொண்டு நூல் ஏஜெண்டுகளிடம் பேசினார். "இந்த வருசம் நமக்கு ஒரு அபூர்வப் பூவு அகப்பட்டுச்சு. கண்ணு வேணும்லா, கண்ணு!" என்று அவர் சொல்வது செக்கிங் மேஜை வரை கேட்டது. ஒவ்வொரு தடவையும் மாரிக்கனிக்கு ஊடை நூலில் ஒன்று விட்டுப்போய், முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் தாங்கவில்லை. பெலிக்ஸ் சாருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த வெள்ளைப் பூவு... கோடு பதினஞ்சு இருக்கு சார்."

"நான் முப்பத்தோரு வருசம் பாடம் நடத்துனவன்மா."

"நான் இருபத்திரெண்டு வருசமா எண்ணிக்கிட்டு இருக்கவ சார்."

போன் வைக்கப்பட்டது. கோபமாக வைக்கப்பட்டதா, மெதுவாக வைக்கப்பட்டதா என்பது செல்போனில் தெரியாது. அந்தக் காலத்துப் போன் என்றால் சத்தத்தில் தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம் ஒரு மணிக்கு யூனிட் வாசலில் சாரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் பிளாஸ்டிக் டிபன் டப்பா. வாட்ச்மேனிடம் "சோறு" என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார். டப்பாவுக்குள் ஒரு கட்டி மண், மண்ணில் புல், புல் நடுவே சுடுமல்லி.

"எங்கம்மா உன் மேஜை?" என்றார்.

விளக்கைப் போட்டாள். சாருக்கு நாற்காலி போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றி, நூல் கண்ணாடியில் ஒற்றைக் கண்ணை வைத்தார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு..." ஆறு வரும்போது குரல் மாறியது. பத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பதினைந்தில் நிமிர்ந்து பார்த்தார். முகம் பள்ளிக்கூடத்தில் லீவு விட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

"நான் எண்ணவே இல்லம்மா! அஞ்சு இருக்கும்னு நெனச்சேன், அஞ்சு தெரிஞ்சிருச்சு. வெள்ளையப் பாத்தாலே டென்சிபுளோரான்னு சொல்லிச் சொல்லிப் பழகிட்டேன். ஸ்ட்ரைகா அங்குஸ்டிபோலியா!" இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டே சொன்னார். "எத்தனை ஞாயித்துக்கெழம இதைத் தாண்டிப் போயிருக்கேன் தெரியுமா?"

பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். எல்லோரும் ஆளுக்கொரு தடவை எண்ணினார்கள். எல்லோரும் பதினைந்து. தறிப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி மட்டும் பதினாறு என்றாள். "அது உன் கண்ணிமை மயிருட்டி" என்று அவளைத் தள்ளினாள் ஜெபா.

சிரிப்புச் சத்தம் கேட்டு அண்ணாச்சி தொப்பியோடு வந்துவிட்டார். "என்ன கூட்டம்? அட, சாரு! இங்க எங்க?"

மாரிக்கனி மூடியைப் போட்டு டப்பாவை முந்தானைக்குள் இழுத்தாள். சார் பொய் சொல்லிப் பழகாதவர். "கை... கையில காயம்" என்றார்.

"அடடா! நம்ம யூனிட்டு இருக்கும்போது நீங்க ஏன் கலங்குதிய? ஏட்டி ஜெபா, நல்ல ரோலா எடு!"

சார் முழங்கை வரை வெள்ளைக் கட்டுடன், ஒரு கையால் ஸ்கூட்டர் ஓட்டி வீடு போனார். போகும் முன், அண்ணாச்சி அந்தப் பக்கம் நகர்ந்ததும், மாரிக்கனியின் போனை வாங்கி, நூல் கண்ணாடிக்கு மேல் வைத்துப் பூவைப் படம் எடுத்து, அவள் பெயரில் பதிவு எழுதிக் கொடுத்தார். "அனுப்புறதும் அனுப்பாததும் உன் இஷ்டம். என் தப்பை நான் கூட்டத்துல சொல்லத்தான் போறேன். உம் பேரைச் சொல்லமாட்டேன்" என்றார்.

வேலை முடிகிற வரை அவள் அதை அனுப்பவில்லை. சாயங்காலம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போனை எடுத்தாள், வைத்தாள். ஊரோரத்துச் சஞ்சீவி மலைக் குன்றைத் தாண்டும்போது மறுபடி எடுத்தாள். சார் தன் தப்பைச் சொல்லப் போகிறார், எப்படியும் அண்ணாச்சியின் சீட்டு போகத்தான் போகிறது. அப்புறம் நாம் ஒளிந்துகொள்வதால் யாருக்கு என்ன லாபம் என்று ஒரு நியாயம் சொல்லிப் பார்த்தாள். அந்த நியாயத்துக்குள் மலை ஆசை எவ்வளவு கலந்திருந்தது என்பதை மட்டும் அவள் எண்ணிப் பார்க்கவில்லை. பஸ் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியது. விரல் பட்டுவிட்டது. பட்டதா, பட வைத்தாளா என்று கேட்டால் இன்றைக்கும் சிரிக்கிறாள்.

மலைக்குப் போகும் பத்துப் பேரை முடிவு செய்யும் கூட்டம் மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில், பிரேம்குமார் டாக்டரின் ஆஸ்பத்திரி மாடியில் நடந்தது. பல்வலிக்காரர்கள் உட்காரும் நாற்காலியில் மன்றத்தார். ஆளுக்கொரு பால்கோவா இலை. மாரிக்கனி வழக்கம்போல வாசலோரம், பெட்டிக்குப் பக்கத்தில்.

டாக்டர் பட்டியலை வாசிக்க ஆரம்பித்ததும் பெலிக்ஸ் சார் எழுந்தார். "ஒரு திருத்தம். வெள்ளைச் சுடுமல்லியை நான் தப்பா சொல்லிட்டேன். கோடு அஞ்சு இல்ல, பதினஞ்சு. அது அங்குஸ்டிபோலியா. அதனால என் வார்த்தையை நம்பி டென்சிபுளோரான்னு போட்ட பதிவெல்லாம்..."

மூன்று நாற்காலியில் பால்கோவா பாதியில் நின்றது.

"இருங்க சார்" என்றார் அண்ணாச்சி. "பதினஞ்சுக்குள்ள அஞ்சு அடக்கம்தான?"

"அதான! அதான!" என்றார்கள் மற்ற இரண்டு புரவலர்களும்.

"யாரு எண்ணுனது?" என்று டாக்டர் கேட்டார். "சுடுமல்லின்னு நேத்து ஒரு பதிவு வந்துருக்கு. படம் பிரமாதம். பேரு..." போனைத் தடவினார். "மாரிக்கனின்னு போட்டிருக்கு. யாரு அது?"

இரண்டு வருஷமாகப் பெட்டியைத் தூக்கி, அவர் குதிகாலில் அட்டையையும் எடுத்தவள், பெட்டியின் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினாள். "நான்தான் சார்."

அண்ணாச்சி மெதுவாகத் திரும்பினார். "எப்ப எண்ணுன?"

"சாப்பாட்டு நேரத்துலதான் அண்ணாச்சி."

"எதுல வச்சு?"

"நம்ம மேஜைலதான்."

அண்ணாச்சியின் முகம் சிவக்கத் தொடங்கியது. பாண்டிதுரை கேட்ட திங்கட்கிழமை மாரிக்கனியின் கண்முன் வந்து நின்றது. அப்போதுதான் செருப்புக் கடிப் புரவலர் வாயைத் திறந்தார். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடைக்காரர்.

"விடுங்க சார். பேண்டேஜ் எண்ணுற பொம்பள எண்ணுனா அது ஒரு கணக்கா? அங்க நாலு கூட இருக்கும், நாலு குறைய இருக்கும். யாரு பாத்தா?"

அண்ணாச்சி எழுந்தார். தொப்பி கீழே விழுந்தது.

"என்னவே சொன்னீரு? நாலு கூடக் குறையவா? யாரு யூனிட்ல? இவ பாஸ் போட்ட துணியில ஒரு பேல் திரும்பி வந்துருக்குன்னு காட்டும் பாப்போம்! இருபத்திரெண்டு வருசம்! ஜெர்மனிக்காரன் வந்து மெசின்ல வச்சுப் பாத்துட்டு, இந்தப் பிள்ளைக்குக் கும்பிடு போட்டுட்டுப் போயிருக்கான். இவ பதினஞ்சுன்னா பதினஞ்சு! அதை அஞ்சுன்னு எழுதுனவன் அடிமுட்டாளா இருக்கணும்!"

அஞ்சு என்று எழுதியவர்கள் யார் யார் என்பது எல்லோருக்கும் மெல்ல நினைவுக்கு வந்தது. அண்ணாச்சிக்குக் கடைசியாக வந்தது.

முதலில் சிரித்தது பெலிக்ஸ் சார். பிறகு டாக்டர். பிறகு சுவரே சிரித்தது. அண்ணாச்சி நின்றபடியே எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவருக்கும் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது.

"சரிய்யா, அடிச்சிருங்க என் பேரை" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எனக்கும் முட்டி வலி. வீட்டுல போகவேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா. ஏம்மா மாரிக்கனி, நீ போ. ஆனா பெட்டி போகணும். பேரு எழுதின பக்கம் வெளிய தெரியணும்."

"தெரியும் அண்ணாச்சி."

"தொப்பியையும் எடுத்துட்டுப் போ. நூத்தம்பது ரூவா குடுத்து வாங்குனது."

டாக்டர் பட்டியலில் மூன்று பெயரை அடித்து, அந்த இடத்தில் முதலாவதாக மாரிக்கனி என்று எழுதினார். பாத்திரக்கடைக்காரர் பால்கோவாவை முடிக்காமலே கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை அவள் எந்தச் சீட்டில் உட்கார்ந்தாள் என்று பாண்டிதுரைக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அன்று லோடு ஏற்ற வந்தவனைப் பிடித்துவைத்து அண்ணாச்சியே அரை மணி நேரம் சொன்னார்.

டிசம்பர் கடைசி ஞாயிறு, விடியும் முன் ஜீப் கிளம்பியது. பாதி வழியில் ஜீப் நின்றுவிட்டது, மீதி நடை. பெட்டியைப் பெலிக்ஸ் சார் தூக்கிக்கொண்டார். "உன் கை எண்ணுறதுக்கு வேணும்" என்றார். வழிகாட்டியாக வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் பாண்டிச்செல்வம் முன்னால் போனார். மரங்களுக்குள் இருட்டு, ஈரம், அட்டை. இரண்டு மணி நேரம் ஏறினார்கள். பேச மூச்சு இல்லை.

திடீரென்று மரம் முடிந்தது.

எதிரே ஒன்றுமில்லை. அதாவது, முழுக்கப் புல். இடுப்பு உயரத்துக்கு, மலை வளைந்த இடமெல்லாம் வளைந்து, காற்றில் படுத்து எழுந்து படுத்து, வானம் தொடங்கும் இடம் வரை. மாரிக்கனி ஒரு நிமிஷம் நின்றாள். அப்புறம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கி ஓடினாள். நாற்பத்தாறு வயசுக்காரி, அண்ணாச்சியின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏ யம்மா! ஏ யம்மா!" என்று கூவிக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, சத்தம் போடாதிய! காட்டுமாடு நிக்கும்!" என்று பாண்டிச்செல்வம் பின்னால் ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் புல்லுக்குள் உட்கார்ந்திருந்தாள். தலை மட்டும் தெரிந்தது. கன்னமெல்லாம் நனைந்திருந்தது, சிரித்ததாலா அழுததாலா என்று அவர் கேட்கவில்லை.

"எத்தன மணிக்கு எறங்கணும் தம்பி?"

"மூணு மணிக்குக்கா. பொறவு அடுத்த வருசந்தான்."

"அடுத்த வருசமும் பதிவு இருந்தாத்தான விடுவாக?"

"ஆமா. விதி அதான்."

மாரிக்கனி எழுந்து சேலையைத் தட்டினாள். சரிவில் கண்ணை ஓட்டினாள். புல்லின் நடுவே அங்கங்கே ரோஸ் நிறத்தில், மஞ்சளில், ஊதாவில் ஏதேதோ நின்றுகொண்டிருந்தன.

"இங்க பேரு தெரியாத பூவு ஏதும் இருக்கா தம்பி?"

பாண்டிச்செல்வம் சிரித்தார். "தெரிஞ்சது எதுன்னு கேளுங்கக்கா, சீக்கிரம் சொல்லிருவேன். அந்தா, அந்தப் பாறைக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. அஞ்சு வருசமா வர்ற சாருமாரு எல்லாம் பாத்துட்டுத் தலையைச் சொறிஞ்சிட்டுப் போறாக."

"சாரே! வெரசா வாங்க!" என்று பின்னால் திரும்பிக் கத்தினாள் மாரிக்கனி. சார் பெட்டியோடு புல்லுக்குள் மூச்சு வாங்கிக்கொண்டு வருவதற்குள் அவள் பாறையைத் தாண்டிவிட்டாள்.